சர்க்கார் கச்சேரியில் சாமிக்கு என்ன உத்தியோகம்?

நமது ஊர்களில் அநேகமாக எந்தச் சர்க்கார் கச்சேரிக்குள் நுழைந்தாலும், முதன் முதலில் நமக்குத் தரிசனம் கொடுப்பவர் அங்கே சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர் அல்ல, சாமிதான். தாலுகா ஆபீசில் நாற்காலிக்கு மேலே ஒரு படம். போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் ஒரு பிள்ளையார். பஸ் டெப்போவில் ஓர் அம்மன். மின்சார ஆபீசில் ஊதுபத்திப் புகை. உத்தியோகஸ்தர் எங்கே என்று கேட்டால், “லீவு” என்பார்கள், “கேம்ப்” என்பார்கள், “மீட்டிங்” என்பார்கள். சாமி மட்டும் லீவு போடாமல் தினமும் ஆஜராகி இருக்கிறார். ஆனால் அப்படி ஆஜராகி இருக்கிற சாமி, இதுவரை ஓர் ஏழையின் மனுவைக் கை நீட்டி வாங்கினார் என்றோ, ஒரு பட்டாவில் கையெழுத்துப் போட்டார் என்றோ, லஞ்சம் வாங்கிய கையை ஒரு தடவையாவது பிடித்துத் தடுத்தார் என்றோ சொல்ல யாராவது உண்டா? அவர் கண்ணெதிரிலேயே, அவர் படத்துக்குக் கீழேயே, மேஜை டிராயர் திறந்து மூடுகிறது. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆதலால் நாம் கேட்கிறோம்: பொது ஜனங்களின் வரிப்பணத்தில், எல்லா ஜாதியாருக்கும், எல்லா மதத்தாருக்கும், மதமே வேண்டாதவருக்கும் பொதுவாக நடக்கின்ற ஒரு ஸ்தாபனத்தில் இந்தச் சாமிக்கு என்ன உத்தியோகம்?

இப்படிக் கேட்டவுடனே ஆஸ்திகத் தோழர்கள் நம்மீது பாய வேண்டாம். கடவுள் உண்டா, இல்லையா என்கிற வழக்கை இன்று நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அதை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். உண்டென்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் வீட்டில் இருக்கட்டும், கோயிலில் இருக்கட்டும், மசூதியில் இருக்கட்டும், சர்ச்சில் இருக்கட்டும். நம்முடைய ஆட்சேபணை ஒன்றே ஒன்றுதான். எந்தக் காரியத்தில் கடவுளைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுகிறோமோ, அந்தக் காரியத்தில் மனிதன் தன் பொறுப்பிலிருந்து நழுவ ஒரு வாசல் திறந்துவிடப்படுகிறது. வீட்டில் அப்படி நழுவினால் நஷ்டம் அவன் ஒருவனுக்கு. சர்க்காரில் நழுவினால் நஷ்டம் நம் எல்லோருக்கும்.

இது வெறும் வாய்ப்பேச்சல்ல; நம் கண் முன்னால் நடந்த சங்கதிகளைச் சொல்லுகிறோம்.

2016-ம் வருஷம் மார்ச்சு மாதம் 31-ந் தேதி, கல்கத்தா நகரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மேம்பாலம் இடிந்து, கீழே போய்க்கொண்டிருந்த ஜனங்கள்மீது விழுந்தது. 25 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தப் பாலத்தைக் கட்டிய கம்பெனியின் பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? “இது கடவுளின் செயல்” என்பதுதான். இரும்பு சரியாக இருந்ததா, சிமெண்டுக் கலவை சரியாக இருந்ததா, வரைபடம் சரியாக இருந்ததா, மேற்பார்வை செய்தவர் யார் என்கிற அத்தனை கேள்விகளுக்கும் ஒரே பதில், கடவுள்! ஆனால் போலீசார் என்ன செய்தார்கள்? கம்பெனி ஆட்களைத்தான் பிடித்து உள்ளே வைத்தார்களே ஒழிய, கடவுளைத் தேடி வாரண்டு எடுத்துக்கொண்டு எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. ஏன்? பாலம் நிற்பதும் விழுவதும் மனிதன் வேலை என்பது சட்டத்துக்குத் தெரியும். தெரியாதவர் போல் நடிப்பது மாட்டிக்கொண்டவர் மட்டுமே.

நிற்க. கம்பெனிக்காரன்தான் இப்படிப் பேசுவான், சர்க்கார் பேசுமா என்று கேட்கலாம். பேசியது. சரக்கு சேவை வரி வந்தபோது, அதனால் மாநிலங்களுக்கு வருமானம் குறைந்தால் 5 வருஷத்துக்கு ஈடு கட்டுவோம் என்று 2017-ல் சட்டம் செய்தார்கள். 2020-ல் கொரோனா வந்து வருமானம் விழுந்தது. மாநிலங்கள் சட்டப்படியான பணத்தைக் கேட்டன. அவ்வருஷம் ஆகஸ்டு 27-ந் தேதி மத்திய நிதி மந்திரியார், இந்த நோய் “கடவுளின் செயல்” என்று சொல்லி, மாநிலங்கள் வேண்டுமானால் கடன் வாங்கிக்கொள்ள வழி காட்டினார். வாக்குக் கொடுத்தது சர்க்கார். வாக்குத் தவறியதற்குக் காரணம் கடவுளாம்! மாநிலங்கள் இதை ஒப்புக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பியிருந்தால் சங்கதி அத்துடன் முடிந்திருக்கும். பல மாநிலங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை போட்டன. அக்டோபர் மாதத்தில் மத்திய சர்க்காரே கடன் வாங்கி மாநிலங்களுக்குக் கொடுக்க முன்வந்தது. கடவுளின் செயல் என்று கைவிரித்த பணம், மனிதர்கள் கேட்ட கேள்வியினால் இரண்டு மாதத்திற்குள் வழிக்கு வந்ததா இல்லையா?

நம் தமிழ்நாட்டுக்கே வருவோம். 2019-ம் வருஷக் கோடையில் சென்னைப் பட்டணம் தண்ணீரில்லாமல் தவித்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தன. பெண்கள் குடங்களுடன் நடுராத்திரியிலும் லாரிக்குக் காத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் சர்க்காரின் அறநிலையத் துறை, முக்கியமான கோயில்களில் மழைக்காக யாகம் செய்யும்படியும், வருண ஜெபம் செய்யும்படியும், அமிர்தவர்ஷிணி முதலான ராகங்களை நாதசுரத்தில் வாசிக்கும்படியும் சுற்றறிக்கை அனுப்பியது. ஜூன் மாதத்தில் அப்போதைய ஆளுங் கட்சியாரும் மந்திரிமாரும் ஊர் ஊராக யாகம் நடத்தினார்கள். கடைசியில் பட்டணத்தின் தாகத்துக்கு உதவியாக வந்தது எது? ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றி வந்த ரயில். யாககுண்டத்திலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. ரயிலை ஓட்டியவன் மனிதன்; குழாயைப் பொருத்தியவன் மனிதன்; ஜோலார்பேட்டைக்குக் காவேரித் தண்ணீரைக் குழாய் வழியே கொண்டு வந்து வைத்தவனும் மனிதன்.

பிற்பாடு மழையும் பெய்தது, அது யாகத்தின் பலன் என்று சிலர் சொல்லுவார்கள். ஐப்பசி கார்த்திகையில் தமிழ்நாட்டில் மழை பெய்வதற்கு யாகம் வேண்டுமென்றால், 2015-ல் சென்னையை முழுக அடித்த மழைக்கு யாகம் செய்த மகாநுபாவர் யார் என்று கேட்கிறோம். அவரைக் கண்டால் நஷ்டஈடு கேட்க வேண்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

இதில் யாகத்துக்குச் செலவான நெய்யும் சுள்ளியும் பெரிதல்ல. பெரிய நஷ்டம் வேறு. “ஏரிகளை ஏன் தூர் வாரவில்லை? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பையைக் கொட்டியது யார்? கட்டிடம் எழுப்ப அனுமதி கொடுத்தது யார்?” என்று கேட்டிருக்க வேண்டிய ஜனங்களை, “மழை வருமா, சாமி கண் திறக்குமா” என்று ஆகாயத்தைப் பார்க்கும்படி செய்துவிட்டார்களே, அதுதான் நஷ்டம். மந்திரியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியை வருணனைப் பார்த்துக் கேட்கும்படி செய்கிற தந்திரத்துக்குப் பெயர் பக்தி என்றால், அந்தப் பக்தியினால் லாபம் அடைகிறவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி, படித்தவர்கள் சங்கதி. பாமர ஜனங்கள்தான் அறியாமல் கும்பிடுகிறார்கள், படிப்பு வந்தால் போய்விடும் என்று நம்மவர்களில் சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ராக்கெட் விடுகிறவர்களைவிடப் படித்தவர் யார்? சந்திரயான்-2 புறப்படுவதற்கு முன் 2019 ஜூலையில், அப்போதைய இஸ்ரோ தலைவர் திருப்பதிக்குப் போய் வந்தார். 2023 ஜூலையில் சந்திரயான்-3 புறப்படுவதற்கு முந்தின நாள், விஞ்ஞானிகள் கூட்டம் ஒன்று அதனுடைய சிறிய மாதிரி உருவத்தை எடுத்துக்கொண்டு அதே திருப்பதிக்குப் போயிற்று. அதே சாமி, அதே கும்பிடு. ஆனால் முதலாவது 2019 செப்டம்பர் 7-ந் தேதி சந்திரனில் இறங்கும்போது சுமார் இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் தொடர்பு அறுந்து விழுந்து நொறுங்கியது. இரண்டாவது 2023 ஆகஸ்டு 23-ந் தேதி பத்திரமாக இறங்கி உலகமே மெச்சியது.

கும்பிடு மாறவில்லை, பலன் மாறிற்று. அப்படியானால் மாறியது எது? அந்த விஞ்ஞானிகளே எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவை என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உந்தின; பிழைகள் சேர்ந்துகொண்டே போயின; அவற்றைத் திருத்திக்கொள்ளக் கருவிக்குப் போதிய வேகம் கொடுக்கப்படவில்லை; இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். இரண்டாவது தடவை இறங்கும் இடத்தைச் சுமார் 4 கிலோமீட்டர் நீளமும் இரண்டரைக் கிலோமீட்டர் அகலமுமாகப் பெருக்கினார்கள், கால்களை உறுதியாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், வேகத்தை அளக்கப் புதிய லேசர் கருவி வைத்தார்கள், என்னென்ன தவறு நேரலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் செய்தார்கள். இந்தப் பரிகாரம் ஜோசியன் சொன்ன பரிகாரமல்ல; கணக்கன் சொன்ன பரிகாரம். தோல்வியைக் “கடவுள் சித்தம்” என்று அந்த விஞ்ஞானிகள் விட்டிருந்தால் இன்றைக்கும் சந்திரனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்திருப்போம். கோயிலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களே ஆபீசுக்கு வந்ததும் காரணம் தேடினார்களே, அந்தக் காரணம் தேடிய புத்திதான் சந்திரனில் இறங்கியது.

“இல்லை, இல்லை, கும்பிடுவது மனத் தைரியத்திற்காக” என்று சிலர் சொல்லக்கூடும். சரி, 2019 ஜூலை 15-ந் தேதி விடியற்காலம் சந்திரயான்-2 புறப்பட 56 நிமிஷமும் 24 விநாடியும் இருக்கையில் கோளாறு கண்டு நிறுத்தினார்களே, அப்போது அவர்கள் நம்பியது எதை? திருப்பதிப் பிரசாதத்தையா, அழுத்தத்தைக் காட்டிய முள்ளையா? முள்ளைத்தான் நம்பினார்கள். உயிரும் பொருளும் போகும் என்ற இடத்தில் ஆஸ்திகனும் முள்ளைத்தான் நம்புகிறான். பிறகு படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவதற்கு மட்டும் பிரசாதம் எதற்கு? பள்ளிக்கூடப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளுவான்? கணக்கை இரண்டு தடவை சரி பார்க்க வேண்டும் என்றா, அல்லது பரீட்சைக்கு முன் தேங்காய் உடைக்க வேண்டும் என்றா?

இந்த மூட நம்பிக்கையிலும் சுதேசி, விதேசி பேதம் கிடையாது. இஸ்ரோவார் 2009 ஏப்ரலில் பி.எஸ்.எல்.வி. சி-12 என்ற ராக்கெட்டை விட்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் விட்டது சி-14. நடுவில் 13 எங்கே? 13 என்ற பெயரில் ராக்கெட்டே கிடையாது! பதின்மூன்று ஆகாது என்பது வெள்ளைக்காரன் வீட்டு மூட நம்பிக்கை. ராகு காலம் நமக்குப் போதாதென்று அதையும் கடன் வாங்கியாயிற்றா? 2019 அக்டோபர் 8-ந் தேதி, விஜயதசமி அன்று, நம்முடைய ராணுவ மந்திரியார் பிரான்சு தேசத்துக்குப் போய் ரபேல் விமானத்தை வாங்கிக்கொண்டபோது, அதன்மீது “ஓம்” எழுதி, தேங்காய் பூ வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மதத்தையும் சர்க்காரையும் 1905-ம் வருஷத்திலேயே சட்டம் போட்டுப் பிரித்த தேசம் பிரான்சு. அந்த மண்ணில் போய் எலுமிச்சம்பழம் நசுக்கி வந்தோம். விமானம் பறப்பது எலுமிச்சம்பழத்தினால் என்றால், கோடி கோடியாகப் பணத்தைப் பிரான்சுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? நம் கொல்லையில் காய்க்காத எலுமிச்சையா?

இனி ஆயுத பூஜைக்கு வருவோம். “அது மத விஷயமல்ல, தொழிலுக்கும் கருவிக்கும் செய்கிற மரியாதை” என்று ஒரு சமாதானம் சொல்லுகிறார்கள். மரியாதை நல்லதுதான். ஆனால் யாருக்கு? கச்சேரியில் பீரோவுக்குச் சந்தனம், டைப்புக் கருவிக்குக் குங்குமம், ஜீப்புக்கு மாலை, வாசலில் பூசணிக்காய். அதே நகரசபையின் சாக்கடைக் குழிக்குள் மனிதனை இறக்குகிறார்கள். மலமள்ளும் வேலையை ஒழிக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம் வந்த பிறகும் குழிக்குள் விஷவாயு தாக்கி மனிதன் சாகிறான். அவனுக்குக் கையுறை உண்டா, முகமூடி உண்டா, அவன் குடும்பத்துக்கு ஈடு உரிய காலத்தில் போய்ச் சேருகிறதா? இரும்புக்குப் பொட்டு வைத்து, மனிதனைக் குழியில் இறக்குவதுதான் தொழிலுக்குச் செய்யும் மரியாதையா? பூசணிக்காய்க் காசுக்குக் கையுறை வாங்குங்கள்; அதை நாமும் பூஜை என்றே ஒப்புக்கொள்ளுகிறோம்.

மற்றொரு சாரார், “ஒரு மதத்துப் படம் வைத்தால்தானே குற்றம், பிள்ளையார், ஏசுநாதர், மெக்கா மூன்றையும் ஒரே சட்டத்தில் மாட்டிவிட்டால் எல்லோரும் சமம்தானே” என்கிறார்கள். சமமா? நம் கிராமத்துக் கருப்பனுக்கும், முனியனுக்கும், காட்டேரிக்கும், சுடலைமாடனுக்கும் எந்தக் கலெக்டர் ஆபீசில் படம் மாட்டியிருக்கிறது? நாட்டில் பாதிப் பேர் கும்பிடுகிற அந்தச் சாமிகள் வாசலுக்கு வெளியே ஊர்க்கோடியில் நிற்க, பூணூல் போட்ட சாமிகள் மாத்திரம் மின்சார விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கின்றன. மனிதனுக்குள் இருக்கிற உயர்வு தாழ்வு சாமி படத்திலும் இருக்கிறது. பௌத்தனுக்கு எங்கே இடம்? எந்தச் சாமியும் வேண்டாம் என்கிறவனுக்கு எந்தச் சுவர்? அவனும்தானே வரி கட்டுகிறான்? சமம் என்பது எல்லாச் சாமியையும் கூட்டி வைப்பதில் இல்லை; மனு கொண்டு வருகிறவன் தன் சாமி சுவரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்வதில் இருக்கிறது. அதற்குச் சுலபமான வழி வெறுஞ்சுவர்தான். வெறுஞ்சுவர் யாரையும் புண்படுத்தியது கிடையாது.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த கொள்கையல்ல. 1968-ல் அண்ணாதுரையவர்களின் சர்க்கார், காரியாலயங்களிலிருந்து கடவுள் படங்களை அகற்றும்படி உத்தரவு அனுப்பியது. உத்தரவு காகிதத்தில் நிற்கிறது, படம் சுவரில் நிற்கிறது. அரசியல் சட்டத்தைப் பாருங்கள். 25-வது பிரிவு அவரவர் மனச்சாட்சிப்படி மதத்தைக் கைக்கொள்ள உரிமை கொடுக்கிறது. அது மனிதனுக்குக் கொடுத்த உரிமை, கட்டிடத்துக்குக் கொடுத்ததல்ல. 27-வது பிரிவு, ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று செலவிடும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 28-வது பிரிவு, முழுக்கச் சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் மத போதனை கூடாது என்கிறது. 1976-ல் சேர்த்த 51-ஏ பிரிவோ, விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராயும் புத்தியையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்கிறது. மந்திரி முதல் பியூன் வரை எல்லோரும் பிரஜைகள்தானே?

சட்டத்தைக் காக்கிற கோர்ட்டே வழுக்குகிற இடமும் உண்டு. குஜராத்து ஹைகோர்ட்டுக்குப் புதிய கட்டிடம் கட்ட 2010-ல் பூமி பூஜை செய்தார்கள். இது சரியா என்று கேட்டு ஒருவர் அதே கோர்ட்டில் வழக்குப் போட்டார். 2011-ல் வழக்கைத் தள்ளி, கேட்டவர்மீதே 20,000 ரூபாய் செலவுத் தொகையும் சுமத்தினார்கள். ஆனால் காலம் அப்படியே நின்றுவிடவில்லை. 2024 மார்ச்சில், மராட்டியத்தில் ஒரு கோர்ட்டுக் கட்டிடத்தின் அஸ்திவார விழாவில், அப்போது சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாயிருந்த ஏ.எஸ். ஓகா அவர்கள், கோர்ட்டு நிகழ்ச்சிகளில் பூஜையை நிறுத்திவிட்டு, அரசியல் சட்டத்தின் முகப்புரைக்குத் தலை வணங்குவோம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நாஸ்திகன் சொன்னால் குதர்க்கம். நீதிபதி சொன்ன பிறகு என்ன பெயர் வைப்பார்கள்?

“வழக்கத்தில் வந்ததை எப்படி விடுவது?” என்பது கடைசிக் கேள்வி. புரோகிதனில்லாமல், மந்திரமில்லாமல் கல்யாணம் செய்தால் குடும்பம் விளங்காது, பிள்ளை தங்காது என்று நம் முன்னோருக்குச் சொன்னார்கள். நம் இயக்கத்தார் செய்து காட்டினார்கள். ஏசினார்கள், செல்லாது என்றார்கள். 1967-ல் சட்டசபையில் சட்டமே நிறைவேறிச் செல்லுபடியாயிற்று. அந்தக் கல்யாணங்களில் பிறந்த பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். மந்திரமில்லாமல் குடும்பம் நடக்குமானால், ஊதுபத்தி இல்லாமல் தாலுகா ஆபீஸ் நடக்காதா?

ஆகவே நம் தோழர்கள் செய்ய வேண்டியது இது. யார் வீட்டுப் படத்தையும் தொட வேண்டாம்; எந்த மதத்தானையும் அவன் கும்பிடுவதற்காகக் கேலி செய்ய வேண்டாம். முதலாவது, உத்தியோகத்தில் இருக்கும் தோழர்கள் ஆபீஸ் பூஜை வசூலுக்குப் பணம் கொடுக்க மறுக்க வேண்டும். மறுப்பதற்கான காரணத்தை மரியாதையாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது, கிராமத்தில் இருப்பவர்கள் பஞ்சாயத்துக் கட்டிடத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பூமி பூஜை என்று கேள்விப்பட்டால், அந்தச் செலவு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனுப்போட வேண்டும். முப்பது நாளில் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். மூன்றாவதும் முக்கியமானதும் என்னவென்றால், பாலம் விழுந்தாலும், ஏரி உடைந்தாலும், ஆஸ்பத்திரியில் குழந்தை செத்தாலும், “விதி” என்று யாராவது ஆரம்பித்தால் அத்துடன் கலைந்து போகாமல், “அந்த விதியில் கையெழுத்துப் போட்ட உத்தியோகஸ்தர் யார்?” என்று கேட்க வேண்டும்.

ஓட்டுப் போட்டு நாம் அனுப்பியது மனிதனை. சம்பளம் கொடுப்பது மனிதனுக்கு. கணக்கும் மனிதனிடமே கேட்போம்.